பாறையேறும் சிறுவண்டி: மான்ஸ்டர் டிரக் மாதிரியை மாற்றியமைக்கும் முறை

பெரிய சக்கரங்களும் வலிய மோட்டாரும் உடைய வண்டி எத்தடையையும் தாண்டிவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், ரேடியோ அலைகளால் இயக்கப்படும் ‘மான்ஸ்டர் டிரக்’ மாதிரி வண்டி ஒன்றை, ஒரு சாண் உயரமுள்ள ஒழுங்கற்ற கற்குவியலின்மீது செலுத்திப் பார்த்தால் நிகழ்வது வேறாக இருக்கும். ஒரு சக்கரம் தரையை விட்டு மேலெழும். எழுந்த சக்கரம் காற்றில் மிக விரைவாகச் சுழலும். அதே அச்சின் மறுமுனையில் கல்லைப் பற்றி நிற்கும் சக்கரமோ அசையாது. மோட்டார் முழங்கும், வண்டி நகராது. மோட்டாரில் ஆற்றலுக்குக் குறைவில்லை. அவ்வாற்றல், பிடிப்புள்ள சக்கரத்திற்குச் சென்று சேரவில்லை என்பதே குறை.

இக்குறையைப் படிப்படியாக நீக்கி, அதே வண்டியைப் பாறையேறும் வண்டியாக மாற்றும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது. பொருள் விளையாட்டைச் சார்ந்ததாயினும், இதில் பயிலும் விதிகள் விளையாட்டோடு நிற்பன அல்ல. சேற்றுவயலில் சிக்கிய டிராக்டருக்கும், நிலவின் மண்ணில் ஊர்ந்த ஆய்வூர்திக்கும் அவையே விதிகள். ஆசிரியர்கள் இதனை இயக்கவியல் பாடத்தின் செய்முறையாகக் கொள்ளலாம். களப்பணியாளர்கள் தாம் நாள்தோறும் கையாளும் ஊர்திகளை அறிந்துகொள்ள இதனைப் பயன்படுத்தலாம்.

இரு வேறு நோக்கங்கள்

மான்ஸ்டர் டிரக் அமெரிக்க நாட்டில் தோன்றியது. பாப் சாண்ட்லர் என்பார் 1970-களில் அமைத்த ‘பிக்புட்’ என்னும் வண்டி, 1981-ஆம் ஆண்டில் பழைய மோட்டார் கார்களின்மீது ஏறி அவற்றை நசுக்கிக் காட்டியபின், அவ்வகை வண்டிகள் பெரும்புகழ் பெற்றன. ஓடிவந்து பாய்தலும், தாவிவிழுந்து தாங்குதலும் அவற்றின் தொழில்.

பாறையேற்றம் இதற்கு மாறானது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ள ரூபிகான் தடத்தில் 1953-ஆம் ஆண்டு முதல் ஜீப் வண்டிகளின் கூட்டுப்பயணங்கள் நடைபெற்று வருகின்றன. அங்கே நடந்து செல்பவனைக் காட்டிலும் மெதுவாக, ஒவ்வொரு கல்லிலும் சக்கரத்தை அளந்து வைத்துச் செல்வதே திறமை எனக் கருதப்படும். மாதிரி வண்டிப் போட்டிகளிலும் இம்முறையே பின்பற்றப்படுகின்றது. பாறைகளுக்கிடையே நாட்டிய அடையாளங்களின் ஊடே வண்டியைச் செலுத்த வேண்டும். அடையாளத்தைத் தொட்டாலும், பின்னோக்கிச் செலுத்தினாலும் தண்டப்புள்ளி உண்டு.

எடுத்துக்கொண்ட வண்டி

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1987-ஆம் ஆண்டில் ‘கிளாட் பஸ்டர்’ என்னும் மாதிரியை வெளியிட்டது. இது பத்தில் ஒரு பங்கு அளவுடையது. முன் அச்சில் ஒன்றும் பின் அச்சில் ஒன்றுமாக இரண்டு மோட்டார்கள் இதில் உள்ளன. ஒவ்வொரு மோட்டாரும் தன் அச்சின் பற்சக்கரப் பெட்டியின்மீதே பொருத்தப்பட்டுள்ளது. நான்கு சக்கரங்களும் உந்தும், நான்கும் திரும்பும்.

மாற்றியமைப்பதற்கு இவ்வண்டியை ஆர்வலர் பலர் தேர்ந்தெடுத்ததன் காரணம் எளிதில் விளங்கும். மோட்டாரும் பற்சக்கரங்களும் அச்சிலேயே இருப்பதால், நடுவே நீண்ட இயக்குத்தண்டு தேவையில்லை. இரண்டு அச்சுகளையும் முழுமையாகக் கழற்றியெடுத்து, தாம் விரும்பிய புதிய சட்டகத்தில் பிணைத்துக்கொள்ளலாம். மேலும், இயக்குத்தண்டு உள்ள வண்டியில் அத்தண்டின் முறுக்கு சட்டகத்தை ஒரு பக்கமாகச் சாய்க்க முயலும். இவ்வமைப்பில் அத்தொல்லை இல்லை.

டிபரென்ஷியலைப் பூட்டுதல்

வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் செல்கின்றன. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தருவது அச்சின் நடுவிலுள்ள டிபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. ஆனால் இத்தொகுதிக்கு இன்னுமோர் இயல்பு உண்டு. வேகத்தை வேறுபடவிடும் இது, திருப்புத்திறனை மட்டும் இரு சக்கரங்களுக்கும் சமமாகவே பகிரும். காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற மிகச் சிறிய திருப்புத்திறனே போதும். ஆதலின் பாறையைப் பற்றி நிற்கும் சக்கரத்திற்கும் அம்மிகச் சிறிய அளவே கிடைக்கும். வண்டி நின்றுவிடுவதன் காரணம் இதுவே.

எனவே முதல் மாற்றம், டிபரென்ஷியலைப் பூட்டி இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் கோத்தாற்போல் ஆக்குவதாகும். உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்களை எபாக்சிப் பசையால் நிரப்பி அசையாமற் செய்வது எளிய வழி. அத்தொகுதிக்குப் பதிலாக ஒரே உலோகத் துண்டைப் பொருத்துவது உறுதியான வழி.

இதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. பூட்டிய அச்சு எளிதில் திரும்பாது. டயர்கள் தரையில் தேயும். ஓர் அச்சின் முழுத் திருப்புத்திறனும் ஒரே சக்கரத்தின் வழியாகச் செல்ல நேர்வதால், மெலிந்த அச்சுத்தண்டு முறியும். ஆகவே உறுதியான எஃகுத் தண்டு வேண்டும். திருப்பத்திற்கு வேண்டிய உதவியை, ஒவ்வோர் அச்சிற்கும் தனித்தனி செர்வோ மோட்டார் பொருத்திப் பெறலாம். முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் எதிரெதிர்த் திசையில் திரும்பினால் வண்டி குறுகிய வட்டத்தில் வளையும். ஒரே திசையில் திரும்பினால் நண்டுபோல் பக்கவாட்டில் நகரும்.

டிராக்டரிலும் டிபரென்ஷியலைப் பூட்டும் மிதி அமைந்திருப்பதைக் களப்பணியாளர் அறிவர். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கும்போது மிதியை அழுத்தி நேராகச் செல்லலாம். திரும்புமுன் கட்டாயம் விடுவிக்க வேண்டும். பூட்டிய நிலையில் திருப்ப முயன்றால் அச்சிற்கும் பற்சக்கரத்திற்கும் கேடு விளையும். வண்டி கைக்கு அடங்காமல் நேரே செல்லவும் கூடும்.

இரு மோட்டார்களை இணைத்தல்

டிபரென்ஷியலைப் பூட்டியபின்பும் அதே குறை மின்கம்பியின் வழியாகத் திரும்பி வரலாம். இது மாணவர்க்கு விளக்கத்தக்க நுட்பம்.

இரு மோட்டார்களைத் தொடரிணைப்பில் இணைத்தால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாயும். மோட்டாரின் திருப்புத்திறன் மின்னோட்டத்தைப் பொறுத்தது. முன்சக்கரங்கள் இரண்டும் காற்றில் எழுந்தால் முன்மோட்டார் தடையின்றிச் சுழலும். அதனுள் எழும் எதிர் மின்னியக்கு விசை மின்னோட்டத்தைக் குறைக்கும். குறைந்த அந்த மின்னோட்டமே பின்மோட்டாரிலும் பாய்வதால், அதுவும் வலுவிழக்கும். இது டிபரென்ஷியலின் குறையே வேறு வடிவில் வந்ததாகும்.

பக்க இணைப்பில் ஒவ்வொரு மோட்டாருக்கும் முழு மின்னழுத்தம் கிடைக்கும். சுமைக்கு ஏற்ற மின்னோட்டத்தை ஒவ்வொன்றும் தனியே பெற்றுக்கொள்ளும். முன்மோட்டார் வீணே சுழன்றாலும் பின்மோட்டார் உந்திக்கொண்டே இருக்கும். ஆதலின் பாறையேறும் வண்டிக்குப் பக்க இணைப்பே ஏற்றது. இரு மோட்டார்களின் மின்னோட்டமும் ஒன்றாகச் செல்வதால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அம்மொத்தத்தையும் தாங்கவல்லதாக இருத்தல் வேண்டும்.

வேகத்தைக் குறைத்தல்

நிமிடத்திற்கு 15,000 சுற்றுச் சுழலும் மோட்டாரையும், 30-க்கு 1 என்ற விகிதத்தில் வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரங்களையும், 15 செ.மீ. விட்டமுள்ள சக்கரங்களையும் எடுத்துக்கொள்வோம். சக்கரம் நிமிடத்திற்கு 500 சுற்றுச் சுழலும். ஒரு சுற்றில் வண்டி சுமார் 47 செ.மீ. நகரும். ஆகவே அதன் வேகம் மணிக்குச் சுமார் 14 கி.மீ. ஆகும். பாறைமீது இவ்வேகத்தால் பயனில்லை.

பிரஷ் வகை மோட்டாரில் கம்பியின் சுற்றுகளை மிகுத்தால் வேகம் குறையும். அதே மின்னோட்டத்திற்குக் கிடைக்கும் திருப்புத்திறன் மிகும். மாதிரி வண்டிகளில் வழக்கமாக உள்ள 27 சுற்று மோட்டாருக்குப் பதிலாக 55 சுற்று மோட்டாரைப் பொருத்தினால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். பற்சக்கர விகிதத்தையும் 60-க்கு 1 என ஆக்கினால் மேலும் பாதியாகி, மணிக்குச் சுமார் 3½ கி.மீ. என்ற நடைவேகம் கிடைக்கும்.

மெதுவாகச் செல்வதன் பயன் திருப்புத்திறனோடு முடிவதில்லை. திடீரென விசை கூட்டும்போது சக்கரம் வழுக்கத் தொடங்கும். வழுக்கும் டயரின் பிடிப்பு, வழுக்காத டயரின் பிடிப்பினும் குறைவு. மெதுவாகச் சுழலும் சக்கரமோ பாறையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் பற்றிக்கொள்ள நேரம் பெறுகின்றது.

நான்கு சக்கரமும் நிலம் தொடுதல்

மேடுபள்ளமான தரையில் முக்காலி ஆடுவதில்லை, நாற்காலி ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும். நான்காவது புள்ளி அத்தளத்தில் அமைந்தே தீர வேண்டும் என்பதில்லை. விறைப்பான சட்டகமும் விறைப்பான சுருள்விற்களும் உடைய வண்டி, ஆடும் நாற்காலியை ஒத்தது. அதன் ஒரு சக்கரம் எப்போதும் தொங்கும்.

மான்ஸ்டர் டிரக்கின் சுருள்விற்கள் தாவி விழுவதைத் தாங்க அமைந்தவை. பாறையேற்றத்திற்கு மென்மையான விற்கள் வேண்டும். அன்றியும், முன் அச்சு இடப்பக்கம் சாயும்போது பின் அச்சு வலப்பக்கம் சாய இடமிருத்தல் வேண்டும். இதற்காகப் பழைய பிளாஸ்டிக் சட்டகத்தை நீக்கி, இரண்டு அலுமினியத் தகடுகளை இணையாக நிறுத்திப் புதிய சட்டகம் அமைக்கலாம். ஒவ்வோர் அச்சையும் நான்கு கோல்களால் அச்சட்டகத்தோடு பிணைக்க வேண்டும். கீழ்க்கோல்கள் இரண்டும் உந்துவிசையைத் தாங்கும். மேற்கோல்கள் இரண்டையும் கவை வடிவில் சாய்த்து வைத்தால் அச்சு பக்கவாட்டில் நகராது. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது அச்சுப்பெட்டி பின்னோக்கிச் சுழல முயலும். அதனையும் இக்கோல்களே தடுக்கின்றன.

இதிலும் அளவு வேண்டும். வில் மிகவும் மென்மையானால், சரிவில் குறுக்காகச் செல்லும்போது வண்டியின் உடல் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து கவிழும்.

நிலவில் இதே விதி

நான்கு சக்கரங்களுக்கே இவ்வளவு தேவையெனில், ஆறு சக்கரங்களையும் நிலத்தில் பதிக்க என் செய்வது? 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபின், அதிலிருந்து வெளிவந்த பிரக்யான் ஊர்தியில் இதற்கு விடை இருந்தது. 26 கி.கி. நிறையுள்ள அவ்வூர்தி, ராக்கர்-போகி என்னும் அமைப்பைக் கொண்டது. அவ்வமைப்பில் சுருள்விற்கள் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று சக்கரங்கள் நெம்புகோல்களால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் கல்லின்மீது ஏறினால் நெம்புகோல் சாய்ந்து மற்றச் சக்கரங்களை நிலத்திலேயே வைத்திருக்கும். ஒவ்வொரு சக்கரத்தையும் அதற்குரிய தனி மோட்டார் சுழற்றியமையால், ஒரு சக்கரத்தின் பிடிப்பின்மை மற்றவற்றைப் பாதிக்கவில்லை.

அதன் வேகம் விநாடிக்கு ஒரு செ.மீ. அளவே. ஆகஸ்டு 27 அன்று தனக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள ஒரு பள்ளத்தை அது எதிர்கொண்டது. அவ்வேகத்தில் 3 மீட்டரைக் கடக்க 5 நிமிடம் வேண்டும். வந்த வழியே திரும்புமாறு ஆணையிடப்பட்டு, வேறு பாதையில் அது சென்றது. செப்டம்பர் 2-ஆம் நாளுக்குள் 100 மீட்டருக்கு மேல் கடந்திருந்தது.

எடையைத் தாழ்த்துதலும் முன்னே நகர்த்துதலும்

சரிவில் ஏறும் வண்டி எப்போது பின்புறமாகக் கவிழும்? அதன் புவியீர்ப்பு மையத்திலிருந்து செங்குத்தாகக் கீழே வரையும் கோடு, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைக் கடக்கும்போது கவிழும். பின்சக்கரத்திலிருந்து மையம் உள்ள தொலைவு, தரையிலிருந்து மையம் உள்ள உயரம் ஆகிய இரண்டையும் அறிந்தால் அக்கோணத்தைக் கணக்கிடலாம். தொலைவை உயரத்தால் வகுத்துக் கிடைப்பது அக்கோணத்தின் டேன்ஜெண்ட் ஆகும்.

அச்சுகளுக்கு இடைத்தொலைவு 300 மி.மீ. எனக் கொள்வோம். மையம் நடுவில், அதாவது 150 மி.மீ. தொலைவிலும், 120 மி.மீ. உயரத்திலும் இருந்தால், கவிழும் கோணம் சுமார் 51 பாகை. பாட்டரியைச் சட்டகத்தின் மேலிருந்து எடுத்து முன் அச்சின்மீது தாழ்வாக வைத்து, மையத்தை 180 மி.மீ. தொலைவிற்கும் 90 மி.மீ. உயரத்திற்கும் கொணர்ந்தால், அக்கோணம் சுமார் 63 பாகையாக உயரும்.

கவிழாமை ஒரு பயன். பிடிப்பு மற்றொரு பயன். 40 பாகைச் சரிவில், பாறையின் பரப்பிற்குச் செங்குத்தாக அமையும் அழுத்தத்தில் முன்சக்கரங்களின் பங்கு, முதல் அமைப்பில் நூற்றுக்கு 16. இரண்டாம் அமைப்பில் நூற்றுக்கு 35. அழுத்தமின்றி உராய்வு இல்லை. உராய்வின்றி உந்துதல் இல்லை. முன்சக்கரங்களின் உள்ளே எடை சேர்க்கும் வழக்கமும் இதன்பொருட்டே எழுந்தது.

ஆயினும் சட்டகத்தை மிகத் தாழ்த்தினால் அதன் வயிறு பாறையில் தட்டி, சக்கரங்கள் தொங்கிவிடும். தாழ்ந்த எடையும் உயர்ந்த வயிறும் ஆகிய இரண்டும் வேண்டுமாதலின், எடையைச் சட்டகத்தில் வைக்காமல் அச்சிலும் சக்கரத்திலும் வைப்பதே முறை.

மேற்கூறிய கணக்கு, சீரான வேகத்தில் செல்லும் வண்டிக்கே பொருந்தும். திடீரென முடுக்கினால் குறைந்த சரிவிலும் முன்பக்கம் மேலெழும். இவ்விடத்தில் களப்பணியாளர் சற்றே நின்று எண்ணுதல் நலம். டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுபவர் உயிரிழப்பதற்கும் இதுவே இயக்கவியல். இழுக்கும் சுமையை, அதற்கென அமைந்த இழுவைச் சட்டத்தில் அன்றி அதற்கு மேலான இடத்தில் பிணைத்தால், சுமையே டிராக்டரைப் பின்னோக்கிக் கவிழ்க்கும் நெம்புகோலாகிவிடும். சேற்றில் சிக்கிய சக்கரத்தின்முன் மரக்கட்டையைக் கட்டிவிட்டு விசை கூட்டுவதும் அத்தகையதே. சக்கரம் சுழல இயலாதபோது, அச்சைச் சுற்றி டிராக்டரின் உடலே சுழலும். இதனைக் கிராமங்களில் எடுத்துரைக்கச் சிறுவண்டியைவிடச் சிறந்த கருவி வேறில்லை. கவிழ்ந்தாலும் எவர்க்கும் ஊறில்லை.

டயர்

உராய்வுவிசை தொடுபரப்பைச் சார்ந்ததன்று எனப் பாடநூல் கூறும். அவ்வாறாயின் மென்மையான, அகன்ற டயர் ஏன் என்று கூர்மையான மாணவன் வினவுவான். அவ்விதி, கெட்டியான, சமமான பரப்புகளுக்கே செம்மையாகப் பொருந்தும். மென்மையான ரப்பர், பாறையின் கூர்மைகளுள் அமுங்கி அவற்றைக் கவ்விக்கொள்கின்றது; உராய்வோடு இக்கவ்வுதலும் சேர்ந்தே பிடிப்பாகின்றது. பெரிய ஜீப் வண்டியில் பாறையேறுமுன் டயரின் காற்றைக் குறைப்பதும் இதன்பொருட்டே. மாதிரி வண்டியின் டயரில் அழுத்தக் காற்று இல்லை; உள்ளே மென்பஞ்சு வைத்து வடிவைத் தாங்கச் செய்வர். காற்று வெளியேறச் சிறு துளையிட்டால் டயர் பாறைக்கேற்ப அமுங்கும். பஞ்சு மிகவும் மென்மையானால் சரிவில் டயர் மடிந்து வண்டி சாயும்.

மாற்றும் வரிசையும் எச்சரிக்கையும்

எல்லா மாற்றங்களையும் ஒரே நாளில் செய்தல் கூடாது. வண்டி நன்றாக ஏறினால் எதனால் ஏறிற்று என்பதும், ஏறாவிடில் எதனால் ஏறவில்லை என்பதும் விளங்காமற் போகும். முதலில் டிபரென்ஷியல், அடுத்து மோட்டார், பின்னர் எடை, இறுதியில் சட்டகம் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு மாற்றத்திற்கும் பின்னர் அதே பாறையில் சோதித்துக் குறித்து வைத்தல் வேண்டும். செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் முதல் மாற்றமே என்பதை மாணவர் தாமே காண்பர்.

சக்கரம் கல்லில் இறுகி நிற்கும்போது விசையைத் தொடர்ந்து கொடுத்தல் ஆகாது. சுழலாத மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை இல்லை. மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் கருகும். பள்ளிகளில் நிக்கல் வகை பாட்டரியே போதும். லித்தியம் பாலிமர் பாட்டரியைப் பயன்படுத்தினால், அதற்குரிய மின்னேற்றியாலேயே, ஆசிரியரின் கண்காணிப்பில் மின்னேற்ற வேண்டும். உப்பிய பாட்டரியைப் பயன்படுத்தலாகாது. சக்கரத்தில் எடை சேர்க்க ஈயத்தை விடுத்து இரும்புத் துண்டுகளையே கொள்க, ஈயம் நச்சுப்பொருள்.

வகுப்பறைச் சோதனைகள்

1. முன்சக்கரங்களை ஒரு தராசிலும் பின்சக்கரங்களை அதே உயரமுள்ள பலகையிலும் நிறுத்தி, முன்னெடையைக் காண்க. அச்சுகளின் இடைத்தொலைவை முன்னெடையால் பெருக்கி மொத்த எடையால் வகுத்தால், பின் அச்சிலிருந்து புவியீர்ப்பு மையத்தின் தொலைவு கிடைக்கும்.

2. வண்டியை ஒரு பலகையில் நிறுத்தி, பின்சக்கரங்கள் வழுக்காதபடி அவற்றின் பின்னே மெல்லிய சட்டம் ஒன்றை அடித்து, பலகையின் முன்முனையை மெல்ல உயர்த்துக. சுருள்விற்கள் அசையாதபடி முன்னரே கட்டிவிடுக. முன்சக்கரங்கள் எழும் கோணத்தைக் குறித்து, முதற் சோதனையில் கண்ட தொலைவைக் கொண்டு மையத்தின் உயரத்தைக் கணக்கிடுக.

3. ஓர் அச்சின் ஒரு சக்கரத்தை மட்டும் கையால் தூக்கிப் பிடித்து, மற்ற அச்சின் மோட்டார் இணைப்பை நீக்கி, வண்டி நகர்கின்றதா எனக் காண்க. டிபரென்ஷியலைப் பூட்டுமுன்னும் பூட்டியபின்னும் இதனைச் செய்து ஒப்பிடுக. சுழலும் சக்கரத்தில் விரலோ ஆடையோ படாதவாறு காத்துக்கொள்க.

4. இரு மோட்டார்களையும் முதலில் தொடரிணைப்பிலும் பின்னர்ப் பக்க இணைப்பிலும் இணைத்து, முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கிப் பிடித்து, பின்சக்கரங்களின் இழுவையைச் சுருள்வில் தராசினால் அளந்து, இரு அளவுகளின் வேறுபாட்டிற்குக் காரணம் கூறுக.